மீட்டருக்கு ஒளியின் வேகம், ஒளியின் வேகத்துக்கு மீட்டர்: இது சுற்றி வரும் வரையறை ஆகாதா?

கேள்வி: இளநிலை_இயற்பியல்

அனைவருக்கும் வணக்கம். இயற்பியல் பட்டப்படிப்பின் முதலாண்டில் இருக்கிறேன். அலகுகள் பற்றிய முதல் பாடத்திலேயே ஓர் ஐயம் எழுந்துவிட்டது. அது தீராமல் அடுத்த பாடத்துக்குப் போக மனம் வரவில்லை.

வெற்றிடத்தில் ஒளி ஒரு வினாடியின் 29,97,92,458-இல் ஒரு பங்கு நேரத்தில் கடக்கும் தொலைவே ஒரு மீட்டர் என்று பாடநூலில் உள்ளது. சில பக்கங்கள் தள்ளி, ஒளியின் வேகம் வினாடிக்கு 29,97,92,458 மீட்டர் என்று உள்ளது. மீட்டர் என்றால் என்ன என்று கேட்டால் ஒளியைக் காட்டுகிறார்கள். ஒளியின் வேகம் என்ன என்று கேட்டால் மீட்டரில் விடை சொல்கிறார்கள். ஒன்றை அறியாமல் மற்றதை அறிய இயலாது என்றால், உண்மையில் இரண்டையுமே நாம் அறியவில்லை என்றுதானே ஆகிறது?

கிலோகிராமில் இந்தக் குழப்பம் இன்னும் கூடுகிறது. ஒளித்துகளின் ஆற்றலை அதன் அதிர்வெண்ணோடு இணைக்கும் பிளாங்க் மாறிலியின் மதிப்பை 6.62607015 × 10⁻³⁴ ஜூல் வினாடி என்று நிலைப்படுத்தி, அதிலிருந்து கிலோகிராமை வரையறுத்திருக்கிறார்கள். ஆனால் ஜூல் என்ற அலகுக்குள்ளேயே கிலோகிராம் இருக்கிறது. ஓர் அலகை அதே அலகைக் கொண்டு எப்படி வரையறுக்க முடியும்?

பழைய வரையறைகளில் இந்தச் சிக்கல் இல்லை. ஓர் உலோகத் தண்டில் இரண்டு கோடுகள், அவற்றுக்கு இடைப்பட்ட தொலைவு ஒரு மீட்டர். ஓர் உலோக உருளை, அதன் நிறை ஒரு கிலோகிராம். கையால் சுட்டிக்காட்டக் கூடிய அவற்றை ஏன் கைவிட்டார்கள்? அப்படியே ஒளியைத்தான் பயன்படுத்த வேண்டும் என்றால், 30 கோடி என்ற முழு எண்ணை வைத்துக்கொள்ளாமல் நினைவில் நிற்காத இந்த எண்ணை ஏன் தேர்ந்தெடுத்தார்கள்? விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி: அளவுநெறி

தங்கள் ஐயம் பாடநூலின் வரிசைமுறையிலிருந்து பிறந்தது. வரையறுப்பது, அளப்பது என்னும் இரு வேறு செயல்களைப் பெரும்பாலான நூல்கள் ஒரே பத்தியில் கலந்து எழுதிவிடுகின்றன; கவனமாகப் படிப்பவர்கள்தாம் அதில் தடுக்கி நிற்கிறார்கள்.

மீட்டரின் வரையறையில் மூன்று உறுப்புகள் உள்ளன: ஒளி, வினாடி, ஓர் எண். ஒளி எந்த அலகையும் கேட்டுக்கொண்டு ஓடுவதில்லை. வெற்றிடத்தில் அதன் வேகம் யார் அளந்தாலும் எங்கே அளந்தாலும் ஒன்றே என்பது இயற்கையைப் பற்றிய செய்தி. வினாடி மீட்டரைச் சிறிதும் சாராமல் வரையறுக்கப்பட்டுள்ளது. சீசியம்-133 அணுவின் அடிநிலையில் உள்ள இரு மீநுண் ஆற்றல் மட்டங்களுக்கு இடையே நிகழும் மாற்றத்துக்குரிய கதிர்வீச்சு 9,19,26,31,770 முறை அலைவுறுவதற்கு ஆகும் காலமே ஒரு வினாடி. இங்கே அலைவுகளை எண்ணும் வேலை மட்டுமே இருக்கிறது. நீளம் எங்கும் நுழையவில்லை. ஆகவே முதலில் வினாடி கிடைக்கிறது. பிறகு அந்த வினாடியின் குறிப்பிட்ட ஒரு பங்கு நேரம் ஒளியை ஓடவிட்டு, அது கடந்த தொலைவுக்கு மீட்டர் என்று பெயரிடுகிறோம். இதைச் செய்வதற்கு ஒளியின் வேகம் எவ்வளவு என்று யாரும் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டியதில்லை. வரிசை ஒரே திசையில் செல்கிறது, திரும்பி வருவதில்லை.

அப்படியானால், ‘ஒளியின் வேகம் வினாடிக்கு 29,97,92,458 மீட்டர்’ என்ற வாக்கியம் எதைச் சொல்கிறது? அது மீட்டரின் வரையறையைத் திருப்பிப் போட்டுச் சொன்னது மட்டுமே. ஒரு டஜனில் 12 பொருள்கள் இருக்கின்றன என்பதை எவரும் சோதனை செய்து கண்டுபிடிப்பதில்லை. அதைப் போலவே 1983-க்குப் பிறகு இந்த எண்ணுக்குப் பிழை வரம்பு என்று எதுவும் கிடையாது.

1983-க்கு முன்பு நிலைமை வேறு. அப்போது ஒளியின் வேகம் உண்மையாகவே அளக்கப்பட்ட ஒன்று. இந்த மாற்றத்தைப் புரிந்துகொள்ள, மீட்டரின் வரலாற்றைச் சற்றுப் பொறுமையாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இதே மாற்றம் அங்கே மீண்டும் மீண்டும் நிகழ்ந்திருக்கிறது.

பிரெஞ்சு அறிவியல் கழகம் 1791-இல் வடதுருவத்திலிருந்து நிலநடுக்கோடு வரையிலான தொலைவில் ஒரு கோடியில் ஒரு பங்கை மீட்டர் என்று கொள்ளப் பரிந்துரைத்தது. டெலாம்பர், மெஷான் என்ற இரு வானியலாளர்கள் டன்கர்க்கிலிருந்து பார்சிலோனா வரை முக்கோண அளவை முறையில் பல ஆண்டுகள் அளந்தார்கள். அந்தக் கணக்கின்படி 1799-இல் ஒரு பிளாட்டினத் தண்டு செய்யப்பட்டது. இன்று நமக்குத் தெரிந்தபடி அந்தக் கால்வட்டத்தின் நீளம் ஏறத்தாழ 10,002 கிலோமீட்டர். அதாவது அந்தத் தண்டு கருதப்பட்டதைவிட ஏறத்தாழ 0.2 மில்லிமீட்டர் குறைவாக அமைந்துவிட்டது. அதற்காக யாரும் தண்டைத் திருத்தவில்லை. தண்டு அளவுகோலாக ஏற்கப்பட்ட அன்றே பூமி அளக்கப்படும் பொருளாக மாறிவிட்டது. அதுவரை ‘ஒரு கோடி மீட்டர்’ என்று பிழையின்றி இருந்த கால்வட்டத்தின் நீளம், அதன்பின் பிழை வரம்புடன் கூடிய ஓர் அளவீடாயிற்று.

1889-இல் பிளாட்டினம் 90 விழுக்காடும் இரிடியம் 10 விழுக்காடும் கலந்த புதிய தண்டு பன்னாட்டு முதன்மை மீட்டராக ஏற்கப்பட்டது. 1960-இல் அதையும் விட்டு, கிரிப்டான்-86 அணு வெளியிடும் செம்மஞ்சள் நிற ஒளியின் அலைநீளத்தைப் போல 16,50,763.73 மடங்கு என்று மீட்டரை வரையறுத்தார்கள். அன்று முதல் அந்த உலோகத் தண்டு மற்றப் பொருள்களைப் போல அளந்து பார்க்க வேண்டிய ஒரு பொருள்.

பிறகு லேசர் வந்தது. 1972-இல் அமெரிக்காவின் போல்டர் நகரில் ஈவென்சனின் குழுவினர், மீத்தேன் மூலக்கூறைக் கொண்டு நிலைப்படுத்திய லேசரின் அதிர்வெண்ணையும் அலைநீளத்தையும் அளந்து, இரண்டையும் பெருக்கி ஒளியின் வேகத்தைக் கண்டார்கள். வினாடிக்கு 29,97,92,456.2 மீட்டர், கூட்டியோ குறைத்தோ 1.1 மீட்டர் என்பது அவர்களுக்குக் கிடைத்த விடை. அந்தப் பிழை வரம்பின் பெரும்பகுதி எங்கிருந்து வந்தது என்பது கவனிக்கத் தக்கது. அவர்களுடைய லேசர் நன்றாகவே இருந்தது. கிரிப்டான் விளக்கின் நிறமாலைக் கோடுதான் இருபுறமும் சமச்சீராக இல்லாமல், நூறு கோடியில் நான்கு பங்கு அளவுக்கு ஐயத்தைத் தந்தது. அதாவது, அளக்கப்பட்ட பொருளைவிட அளவுகோல் தரம் குறைந்ததாகிவிட்டது. அந்த நிலைக்கு மேல் எவ்வளவு திறமையாக அளந்தாலும் ஒளியின் வேகத்தை அதைவிடத் துல்லியமாக மீட்டரில் சொல்ல முடியாது, ஏனென்றால் மீட்டர் எது என்பதிலேயே அந்த அளவுக்கு ஐயம் இருந்தது. இந்தச் சுவரைத் தாண்ட ஒரே வழி, மேம்பட்ட பொருளை அளவுகோலாக ஏற்பதுதான். 1975-இல் 29,97,92,458 என்ற மதிப்பு பரிந்துரைக்கப்பட்டது. 1983-இல் அதுவே மீட்டரின் வரையறையாயிற்று.

30 கோடி என்ற எண்ணை ஏன் ஏற்கவில்லை என்று கேட்டிருந்தீர்கள். ஏற்றிருந்தால் வரையறையில் ஒரு தவறும் இருந்திருக்காது. ஆனால் புதிய மீட்டர் பழையதைவிட ஏறத்தாழ 0.69 மில்லிமீட்டர் சிறியதாகியிருக்கும். உலகிலுள்ள ஒவ்வொரு அளவுகோலையும் வரைபடத்தையும் திருகாணியையும் மாற்ற வேண்டி வந்திருக்கும். வரையறையை மாற்றும்போது அலகின் அளவு மாறக் கூடாது என்பது இத்துறையில் எப்போதும் காக்கப்படும் ஒழுங்கு. அந்த எண் அழகற்றதாக இருப்பதற்குக் காரணம், 1799-ஆம் ஆண்டின் தண்டு இன்றும் அதற்குள் இருப்பதே.

இளநிலை_இயற்பியல்

மிக்க நன்றி ஐயா. மீட்டரில் வரிசை ஒரே திசையில் செல்கிறது என்பது தெளிவாகிவிட்டது. கிலோகிராமைப் பற்றிய ஐயம் மட்டும் அப்படியே இருக்கிறது. ஒளியை ஓடவிட்டுத் தொலைவைக் குறித்துக்கொள்ள முடியும் என்று கற்பனை செய்ய முடிகிறது. பிளாங்க் மாறிலியை வைத்துக்கொண்டு ஒரு தராசுத் தட்டில் உள்ள பொருள் சரியாக ஒரு கிலோகிராம்தான் என்று எப்படிச் சொல்வது? மின்கருவிகளைப் பயன்படுத்துகிறார்கள் என்று படித்தேன். ஆனால் வோல்ட், ஆம்பியர் ஆகியவற்றின் அலகுகளுக்குள்ளும் கிலோகிராம் மறைந்திருக்கிறதே.

மறுமொழி: தராசுமுள்

நுண்நிறை அளவீட்டு ஆய்வகத்தில் பணியாற்றுபவன் என்ற முறையில் இந்தப் பகுதிக்கு நான் விடை சொல்கிறேன்.

ஜூலுக்குள் கிலோகிராம் இருப்பது குற்றமன்று. அங்கே அது இருப்பதால்தான் இந்த வரையறையே செயல்படுகிறது. பிளாங்க் மாறிலியின் அலகைப் பிரித்து எழுதினால் கிலோகிராம், மீட்டரின் இருமடி, வினாடியின் தலைகீழ் ஆகியவற்றின் பெருக்கற்பலன் கிடைக்கும். இவற்றில் வினாடி சீசியத்தாலும் மீட்டர் ஒளியாலும் முன்பே தீர்ந்துவிட்டன. இயற்கையில் பிளாங்க் மாறிலி ஏதோ ஒரு குறிப்பிட்ட அளவில் இருக்கிறது. அதன் எண்மதிப்பு இதுதான் என்று நாம் அறிவித்துவிட்டால், தெரியாததாக எஞ்சுவது கிலோகிராம் ஒன்றே. ஒரு சமன்பாடு, ஒரு மாறி. கிலோகிராம் எவ்வளவு இருந்தால் அந்த எண் சரியாக வருமோ அவ்வளவே கிலோகிராம். மாறிலியின் அலகில் நிறை இடம்பெறாமல் இருந்திருந்தால், அதைக் கொண்டு நிறையை வரையறுக்கவே முடிந்திருக்காது.

இதை உலோகத்தில் எப்படிச் செய்கிறோம் என்பதற்குக் கிப்பிள் தராசு விடை. பிரிட்டனின் தேசிய இயற்பியல் ஆய்வகத்தைச் சேர்ந்த பிரையன் கிப்பிள் 1975-இல் இதன் கருத்தை முன்வைத்தார்.

தராசின் ஒரு முனையில் நிறைக்கல்லை வைக்கும் தட்டும், அதே முனையில் ஒரு கம்பிச்சுருளும் தொங்குகின்றன. சுருள் வலிமையான ஒரு காந்தத்தின் இடைவெளிக்குள் இருக்கிறது. முதற்கட்டத்தில், சுருளின் வழியே மின்னோட்டத்தைச் செலுத்தி, அதனால் எழும் மேல்நோக்கிய விசையால் நிறைக்கல்லின் எடையைச் சமன் செய்கிறோம். அப்போது நிறையையும் புவியீர்ப்பு முடுக்கத்தையும் பெருக்கி வருவது, மின்னோட்டத்தைக் காந்தப்புலத்தாலும் கம்பியின் நீளத்தாலும் பெருக்கி வருவதற்குச் சமம். இங்கேதான் தொல்லை. காந்தப்புலத்தையும் சுருளில் உள்ள கம்பியின் நீளத்தையும் தேவையான துல்லியத்தில் நேராக அளப்பது நடவாத காரியம். புலம் இடத்துக்கு இடம் சற்று மாறும், கம்பியின் சுற்றுகள் முழுமையான வட்டங்களாக இருப்பதில்லை.

கிப்பிளின் நுண்ணறிவு இரண்டாம் கட்டத்தில் வெளிப்படுகிறது. நிறைக்கல்லை எடுத்துவிட்டு, மின்னோட்டத்தை நிறுத்திவிட்டு, அதே சுருளை அதே காந்தப்புலத்தில் வினாடிக்கு ஓரிரு மில்லிமீட்டர் என்ற சீரான வேகத்தில் நகர்த்துகிறோம். சுருளில் ஒரு மின்னழுத்தம் தூண்டப்படுகிறது. அது காந்தப்புலம், கம்பியின் நீளம், நகரும் வேகம் மூன்றின் பெருக்கற்பலனுக்குச் சமம். முதற்கட்டத்தில் நம்மைத் தொல்லைப்படுத்திய அதே பெருக்கற்பலன் இங்கேயும் வருவதால், ஒரு சமன்பாட்டை மற்றதால் வகுத்தால் அது முழுவதும் நீங்கிவிடுகிறது. எஞ்சுவது இது: மின்னழுத்தம் × மின்னோட்டம் = நிறை × புவியீர்ப்பு முடுக்கம் × வேகம். இடப்பக்கத்தில் இருப்பது மின்திறன், வலப்பக்கத்தில் இருப்பது இயந்திரத் திறன்.

வேகத்தை லேசர் குறுக்கீட்டுமானி தருகிறது. புவியீர்ப்பு முடுக்கத்தை, வெற்றிடக் குழாயில் தடையின்றி விழும் ஒரு கண்ணாடியை லேசரால் தொடர்ந்து கண்காணிக்கும் கருவி தருகிறது. இதில் எவ்வளவு கவனம் வேண்டும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். உயரம் ஒரு மீட்டர் கூடினால் புவியீர்ப்பு முடுக்கம் ஒரு கோடியில் மூன்று பங்கு குறைகிறது. நிறைக்கல் இருக்கும் உயரத்தில் 10 சென்டிமீட்டர் பிசகினால், ஒரு கிலோகிராமில் ஏறத்தாழ 30 மைக்ரோகிராம் பிசகிவிடும். இந்தத் துறையில் அது பெரிய பிழை.

இனி, தாங்கள் கேட்ட வோல்ட்டும் ஆம்பியரும். இவற்றை நாங்கள் சாதாரணக் கருவிகளால் அளப்பதில்லை. இரு மீக்கடத்திகளுக்கு இடையிலான சந்தியின் மீது நுண்ணலையைச் செலுத்தினால் தோன்றும் மின்னழுத்தம், நுண்ணலையின் அதிர்வெண்ணைப் பிளாங்க் மாறிலியால் பெருக்கி, எலக்ட்ரான் மின்னூட்டத்தின் இருமடங்கால் வகுத்து வரும் மதிப்பின் முழு எண் மடங்காக இருக்கும். இது ஜோசப்சன் விளைவு. மின்னோட்டத்தை, தெரிந்த ஒரு மின்தடையின் வழியே செலுத்தி, அதன் குறுக்கே தோன்றும் மின்னழுத்தத்திலிருந்து அறிகிறோம். அந்த மின்தடையைக் குவாண்டம் ஹால் விளைவு தருகிறது: பிளாங்க் மாறிலியை மின்னூட்டத்தின் இருமடியாலும் ஒரு முழு எண்ணாலும் வகுத்தால் கிடைப்பது அது. இவற்றையெல்லாம் மின்திறனுக்குரிய இடத்தில் பொருத்திப் பாருங்கள். மின்னழுத்தம் இரு முறை வருவதால் பிளாங்க் மாறிலியின் இருமடி மேலேயும், மின்னூட்டத்தின் இருமடி கீழேயும் நிற்கும். மின்தடையால் வகுக்கும்போது ஒரு பிளாங்க் மாறிலியும் மின்னூட்டம் முழுவதும் அடிபட்டுப்போகும். கடைசியில் மின்திறன் என்பது பிளாங்க் மாறிலியின் நான்கில் ஒரு பங்கு, இரண்டு அதிர்வெண்கள், சில முழு எண்கள் ஆகியவற்றின் பெருக்கற்பலனாக முடிகிறது. வோல்ட்டும் ஆம்பியரும் வந்து போய்விட்டன. எங்கும் ஒரு கிலோகிராம் கல்லை முன்கூட்டியே வைத்து ஒப்பிடவில்லை.

உருளையை ஏன் கைவிட்டார்கள் என்று கேட்டிருந்தீர்கள். பாரிசுக்கு அருகில் செவ்ரே என்ற ஊரில் உள்ள அந்த உருளை, உயரமும் விட்டமும் ஏறத்தாழ 39 மில்லிமீட்டர் கொண்டது. 1889 முதல் அதுவே கிலோகிராம். அதை ஒப்பீட்டுக்காக வெளியே எடுக்கும்போது, ஈதரும் எத்தனாலும் சம அளவில் கலந்த நீர்மத்தில் நனைத்த மென்தோலால் துடைத்து, இருமுறை வாலைவடித்த நீரின் ஆவியால் கழுவுவார்கள். கழுவி முடித்த உடனே உள்ள நிறையே வரையறைக்குரிய நிறை என்று விளக்கம் தர வேண்டிய நிலையும் வந்தது, ஏனென்றால் காற்றிலுள்ள மாசு படியப் படிய அதன் நிறை கூடிக்கொண்டே போகும். 1988 முதல் 1992 வரை நடந்த ஒப்பீட்டில், நூறு ஆண்டுகளில் உருளைக்கும் அதன் அதிகாரபூர்வப் படிகளுக்கும் இடையே ஏறத்தாழ 50 மைக்ரோகிராம் அளவுக்கு விலகல் ஏற்பட்டிருப்பது தெரிந்தது. உருளை இழந்ததா, படிகள் பெற்றனவா என்று அந்த ஒப்பீட்டைக் கொண்டு சொல்ல வழியே இல்லை. வரையறைப்படி உருளையின் நிறை மாறவே முடியாது. எனவே உருளை தேய்ந்திருந்தால், ஏட்டின்படி உலகிலுள்ள மற்றப் பொருள்கள் அனைத்தின் நிறையும் கூடியதாகத்தான் எழுத வேண்டும். சுட்டிக்காட்டக் கூடிய பொருள் என்று தாங்கள் மெச்சிய அந்தப் பண்பே அதன் குறைபாடு: அது ஓரிடத்தில் மட்டும் இருக்கிறது, அது மாறினால் காட்டிக்கொடுக்க அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

கிப்பிள் தராசை மட்டும் நம்பி இந்த மாற்றம் செய்யப்படவில்லை. சிலிக்கான்-28 ஐசோடோப்பால் ஆன, ஏறத்தாழ ஒரு கிலோகிராம் நிறையுள்ள கோளத்தில் எத்தனை அணுக்கள் இருக்கின்றன என்று படிக அமைப்பின் வழியே எண்ணி, அதிலிருந்தும் பிளாங்க் மாறிலியைக் கணக்கிட்டார்கள். ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரு வழிகளும் ஒத்துப்போன பிறகே, 2018 நவம்பர் 16 அன்று வெர்சாயில் கூடிய எடைகள், அளவுகள் பற்றிய பொது மாநாடு புதிய வரையறையை ஏற்றது. 2019 மே 20 முதல் அது நடைமுறையில் உள்ளது.

மறுமொழி: கரும்பலகை

மேலே உள்ள இரு விளக்கங்களோடும் உடன்படுகிறேன். பல ஆண்டுகள் பாடம் நடத்தியவன் என்ற முறையில், மாணவர்கள் தவறவிடும் வேறொரு பக்கத்தைச் சேர்க்க விரும்புகிறேன். ஒன்றைப் பிழையற்றது என்று நாம் அறிவிக்கும்போது பிழை மறைந்துவிடுவதில்லை. அது வேறோர் இடத்துக்குப் போய் அமர்கிறது. எங்கே போனது என்று தேடிப் பார்ப்பதே அலகுகளைப் புரிந்துகொள்ள நான் அறிந்த நல்ல வழி.

2019 மே 19 வரை செவ்ரே உருளையின் நிறை பிழையே இல்லாத 1 கிலோகிராம். பிளாங்க் மாறிலிக்குப் பிழை வரம்பு உண்டு. மறுநாள் முதல் பிளாங்க் மாறிலிக்குப் பிழை இல்லை. உருளையின் நிறைக்குப் பத்துக் கோடியில் ஒரு பங்கு, அதாவது 10 மைக்ரோகிராம், பிழை வரம்பு வந்துவிட்டது. நீரின் முப்புள்ளி (பனிக்கட்டி, நீர், நீராவி மூன்றும் சேர்ந்து நிலைக்கும் வெப்பநிலை) 1954 முதல் பிழையற்ற 273.16 கெல்வினாக இருந்தது. வெப்பநிலையை ஆற்றலோடு இணைக்கும் போல்ட்ஸ்மன் மாறிலியை 1.380649 × 10⁻²³ ஜூல்/கெல்வின் என்று நிலைப்படுத்தியதும் முப்புள்ளி சோதனையால் அறிய வேண்டியதாயிற்று. கார்பன்-12 அணுக்களின் ஒரு மோல் நிறை முன்பு சரியாக 12 கிராம். இன்று அவகாட்ரோ எண் 6.02214076 × 10²³ என்று நிலைபெற்றுவிட்டதால், 12 கிராம் என்பது மிக மிக நெருக்கமான ஓர் அளவீடு மட்டுமே.

ஆம்பியரில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். பழைய வரையறையை இன்றும் பல நூல்கள் அச்சிடுகின்றன: வெற்றிடத்தில் ஒரு மீட்டர் இடைவெளியில் உள்ள, முடிவிலா நீளமுள்ள இரு இணைக் கடத்திகளுக்கு இடையே மீட்டருக்கு 2 × 10⁻⁷ நியூட்டன் விசையைத் தோற்றுவிக்கும் மின்னோட்டம். இந்த வரையறை இருந்தவரை வெற்றிடத்தின் காந்த உட்புகுதிறன் (மின்னோட்டம் வெற்றிடத்தில் எவ்வளவு காந்தப்புலத்தைத் தோற்றுவிக்கும் என்பதைக் குறிக்கும் மாறிலி) சரியாக 4π × 10⁻⁷. இன்று எலக்ட்ரானின் மின்னூட்டத்தை 1.602176634 × 10⁻¹⁹ கூலூம் என்று நிலைப்படுத்தியிருப்பதால், உட்புகுதிறன் அளந்து அறியும் மதிப்பாகிவிட்டது. ஆயிரம் கோடியில் ஓரிரு பங்கு அளவுக்கே ஐயம் என்பதால் தேர்வுக் கணக்குகளில் எதுவும் மாறாது. ஆனால் கருத்தளவில் இது பெரிய மாற்றம், அதைச் சொல்லிக்கொடுக்காமல் விடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

சூத்திரங்களில் வரும் மாறிலிகளையும் இதே கண்ணோட்டத்தில் பாருங்கள். விசை என்பது நிறையையும் முடுக்கத்தையும் பெருக்கி வருவது என்று எழுதுகிறோம். இயற்கை நமக்குச் சொல்வது, விசை அந்தப் பெருக்கற்பலனுக்கு நேர்த்தகவில் இருக்கிறது என்பது மட்டுமே. இடையில் உள்ள மாறிலி 1 ஆகும்படி நியூட்டன் என்ற அலகை நாம் அமைத்துக்கொண்டோம். விசையைக் கிலோகிராம்-எடையில் அளந்திருந்தால் அந்த மாறிலி 9.80665-இல் ஒரு பங்காக இருந்திருக்கும். கூலூமின் விதியில் அப்படி 1 ஆக்கிக்கொள்ள முடியாமல் 8.98755 × 10⁹ என்ற பெரிய எண் நிற்பதற்குக் காரணம், விசைக்கும் தொலைவுக்கும் மின்னோட்டத்துக்கும் உரிய அலகுகள் அனைத்தும் வேறு வழிகளில் முன்பே முடிவாகிவிட்டன என்பதே. கையில் தேர்ந்தெடுக்க ஏதும் மிச்சமில்லை என்றால் மாறிலி தன் எண்ணோடு வெளியே வந்து நிற்கும்.

மறுமொழி: வான்நோக்கி

இரு சிறு கேள்விகள். நிறையை வரையறுக்க ஈர்ப்பு மாறிலியைப் பயன்படுத்தியிருக்கலாமே, அதன் அலகிலும் கிலோகிராம் இருக்கிறதே? மற்றொன்று, ஒளியின் வேகம் காலப்போக்கில் மாறிக்கொண்டிருந்தால், அதை வரையறையில் பூட்டிவிட்ட பிறகு நம்மால் கண்டுபிடிக்கவே முடியாதா?

மறுமொழி: அளவுநெறி

முதற்கேள்விக்கு விடை எளிது. கோட்பாட்டளவில் எந்தத் தடையும் இல்லை. ஆனால் ஈர்ப்பு விசை மிக நலிந்தது. ஆய்வகத்தில் அந்த மாறிலியை இன்றும் பத்து லட்சத்தில் 22 பங்கு என்ற அளவுக்குத்தான் அறிந்திருக்கிறோம். அதை நிலைப்படுத்தினால் அந்த ஐயம் முழுவதும் கிலோகிராமின் மேல் வந்து விழும்: ஒரு கிலோகிராமுக்கு 22 மில்லிகிராம் வரை. நுண்தராசு வைத்திருக்கும் எவரும் அதை ஏற்கமாட்டார்கள். எந்த மாறிலியைத் தேர்ந்தெடுப்பது என்பதை அழகோ ஆழமோ முடிவு செய்வதில்லை. எதை நம்மால் மிகத் துல்லியமாக ஆய்வகத்தில் எட்ட முடிகிறது என்பதே முடிவு செய்கிறது.

இரண்டாவது கேள்வி நுட்பமானது. ஒளியின் வேகம் மட்டும் மாறியது என்று தனித்துச் சொல்வதற்கு, எதனோடு ஒப்பிட்டு என்று சொல்லியாக வேண்டும். மீட்டர் தண்டோடு ஒப்பிட்டா? அந்தத் தண்டின் நீளத்தை அணுக்களுக்கு இடையிலான மின்விசைகள் தீர்மானிக்கின்றன. அவையும் சேர்ந்து மாறியிருக்கலாம். ஆகவே உறுதியாகச் சோதிக்கத் தக்கவை அலகற்ற விகிதங்கள் மட்டுமே. எலக்ட்ரானின் மின்னூட்டம், பிளாங்க் மாறிலி, ஒளியின் வேகம் முதலியவை சேர்ந்து அமையும் நுண்வரி அமைப்பு மாறிலி அப்படிப்பட்டது. அதன் மதிப்பு ஏறத்தாழ 137-இல் ஒரு பங்கு, எந்த அலகு முறையிலும் அதே எண். வெவ்வேறு அணுக்களைக் கொண்ட கடிகாரங்களை ஆண்டுக்கணக்கில் ஒப்பிட்டும், தொலைதூர விண்பொருள்களின் நிறமாலைக் கோடுகளை ஆராய்ந்தும் அது மாறுகிறதா என்று தேடுகிறார்கள். நாம் வரையறையில் எந்த எண்ணைப் பூட்டினாலும் இந்தத் தேடலுக்கு அது தடையாகாது.

இளநிலை_இயற்பியல்

எல்லோருக்கும் நன்றி. கடைசியாக ஒன்று. அடுத்த பருவத்தில் செய்முறை வகுப்பில் ஒளியின் வேகத்தைக் காணும் சோதனை இருக்கிறது. லேசர் துடிப்பை ஒரு கண்ணாடியில் பட்டுத் திரும்பச் செய்து, தாமதத்தை அலைகாட்டியில் படிக்க வேண்டும். விடை வரையறையிலேயே இருக்கிறது என்றால் அந்தச் சோதனையில் நான் எதைத்தான் அளக்கிறேன்?

மறுமொழி: தராசுமுள்

தங்கள் கருவிகளை அளக்கிறீர்கள், அது மதிப்பு மிக்க வேலை. ஒளி போய்த் திரும்பும் பாதை 15 மீட்டர் என்றால் தாமதம் ஏறத்தாழ 50 நானோவினாடி இருக்கும். ஒரு நானோவினாடிக்கு ஒளி ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் போகிறது. அலைகாட்டியில் துடிப்பின் விளிம்பை ஒரு நானோவினாடி பிசகிப் படித்தால் விடையில் 2 விழுக்காடு பிழை வரும். கருவியை இணைக்கும் கம்பிகளும் தம் பங்குக்குத் தாமதத்தைச் சேர்க்கும். ஆகவே ஒரே ஒரு தொலைவில் அளந்து நிறுத்தாமல், கண்ணாடியைப் பல இடங்களில் வைத்து அளந்து, தொலைவுக்கும் நேரத்துக்கும் வரைபடம் வரைந்து, சாய்விலிருந்து வேகத்தைக் காணுங்கள். கம்பிகளின் நிலையான தாமதம் சாய்வைப் பாதிக்காது.

சோதனை காற்றில் நடக்கிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். காற்றின் ஒளிவிலகல் எண் 1-ஐவிட ஏறத்தாழ 0.00027 கூடுதல், எனவே காற்றில் ஒளி, வெற்றிடத்தில் செல்வதைவிட வினாடிக்கு ஏறத்தாழ 80 கிலோமீட்டர் குறைவாகச் செல்கிறது. தங்கள் கருவிகளில் அந்த வேறுபாடு தெரியாது, ஆனாலும் பிழைக் கணக்கில் ஒரு வரி எழுதுங்கள். கிடைத்த விடை வினாடிக்கு 29,97,92,458 மீட்டரிலிருந்து விலகியிருந்தால், விலகலைச் செய்முறை ஏட்டில் ‘ஒளியின் வேகத்தில் பிழை’ என்று எழுதாதீர்கள். தங்கள் அளவுநாடாவின் மீட்டரும் அலைகாட்டியின் வினாடியும் தம்முள் அந்த அளவுக்குப் பொருந்தவில்லை என்று எழுதி, இரண்டில் எது காரணம் என்று தேடத் தொடங்குங்கள்.